மகள் பின்தங்கியது ஏன்? ஆண், பெண் வேகமும் தெறிவினையும் பற்றி ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

யாழ்ப்பாணம் சுன்னாகத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வி இது. அவருக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒரு மகன், ஒரு மகள். பதினொரு வயதில், பாடசாலை மெய்வல்லுநர் போட்டிக்காக வீட்டு ஒழுங்கையில் இருவரும் ஓடிப் பழகியபோதெல்லாம் மகளே முந்தினாளாம். இப்போது இருவருக்கும் பதினான்கு வயது. மகன் முந்துகிறான், இடைவெளியும் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டு வருகிறது. மகள் வலைப்பந்தாட்டமும் கிரிக்கெட்டும் விளையாடுகிறாள். கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளராக நிற்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆனால், "பொம்பிளைப் பிள்ளையளுக்கு றிஃப்ளெக்ஸ் குறைவு, அது பிறவியிலேயே அப்பிடித்தான்" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டதால், அது உண்மையா, மகள் திடீரென்று மெதுவானது அதனால்தானா, இனிப் பயிற்சிக்கு அனுப்புவதில் பயனுண்டா என்று கேட்கிறார்.

நான் நீண்ட காலம் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்தவன். போட்டிக் காலங்களில் முடிவுக் கோட்டருகே நிறுத்தற்கடிகாரத்துடன் நின்று நேரம் கணித்தவன். இரண்டு அனுபவத்தையும் வைத்துக்கொண்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகளின் தெறிவினையில், அதாவது றிஃப்ளெக்ஸில், குறையில்லை, அவள் மெதுவாகவும் இல்லை. மகன் வேகமாகிவிட்டான், அவ்வளவுதான். அந்த வேகம் அவனுடைய நரம்பிலிருந்து வரவில்லை, தசையிலிருந்து வருகிறது. நம் பேச்சில் "வேகம்", "சுறுசுறுப்பு", "றிஃப்ளெக்ஸ்" எல்லாம் ஒரே பொருளில் புழங்குவதால்தான் இந்தக் குழப்பம்.

தெறிவினை என்பது உயிரியலில் மிகக் குறுகிய பொருளுடைய சொல். சூடான தோசைக்கல்லில் விரல் பட்டதும், வலி உணரப்படுவதற்கு முன்பே கை பின்னுக்கு வந்துவிடுகிறது அல்லவா, அதுதான் தெறிவினை. செய்தி மூளைக்குப் போய் முடிவு கேட்டுத் திரும்புவதில்லை. முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணிலேயே தசைக்குக் கட்டளை பிறந்துவிடுகிறது. வைத்தியர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டும்போது கால் துள்ளுவதும் அவ்வாறே. தட்டியதிலிருந்து தொடைத் தசையில் மின்னசைவு தொடங்குவதற்கு ஏறத்தாழ 20 மில்லிசெக்கன், அதாவது ஒரு செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கு, போதும். நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை 1850ஆம் ஆண்டளவில் ஜேர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் காலில் முதன்முதலாக அளந்தபோது, அது அளக்கவே முடியாத அதிவேகம் என்று அதுவரை நம்பியிருந்தவர்கள் வியந்துபோனார்கள். செக்கனுக்குச் சில பத்து மீற்றர் மட்டுமே கிடைத்தது. மனிதரின் கை, கால் நரம்புகளில் அது பொதுவாகச் செக்கனுக்கு 50 முதல் 60 மீற்றர். இந்த வேகம் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. அவயவத்தின் நீளத்தையும், உடல் வெப்பநிலையையும், வயதையுமே அது பார்க்கிறது. சராசரியில் பெண்கள் உயரம் குறைந்தவர்களாகையால் செய்தி ஓடவேண்டிய பாதையும் குறைவு. ஆகவே தெறிவினையை மட்டும் தனியாக அளந்தால், பல நேரங்களில் பெண்களுக்கே ஓரிரு மில்லிசெக்கன் முந்திக் கிடைக்கும். அந்தத் தெரிந்தவர் சொன்னதற்கு நேர்மாறான விடை இது. ஆனால் விளையாட்டில் இந்த ஓரிரு மில்லிசெக்கனுக்கு ஒரு பெறுமதியும் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அவர் உண்மையில் குறிப்பிட நினைத்தது எதிர்வினை நேரம். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஓடத் தொடங்குவது, பந்து மட்டையின் விளிம்பில் பட்டுத் திசைமாறியதும் கையுறையை நகர்த்துவது போன்றவற்றில் செய்தி மூளைக்குப் போகிறது, அங்கே அடையாளம் காணப்படுகிறது, பிறகே கட்டளை இறங்குகிறது. கண்ணால் பார்த்து விரலை அசைக்க இளம் வயதினர் ஒருவருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிசெக்கன் தேவை. காதால் கேட்டால் அதைவிடச் சற்றுக் குறைவு. இதில் ஆண், பெண் வேறுபாடு உண்டா என்ற கேள்வி நூறாண்டுக்கு மேற்பட்டது. பிரித்தானிய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1880களில் லண்டனில் ஓர் ஆய்வுகூடம் நடத்தி ஆயிரக்கணக்கானோரின் உயரம், பிடியின் பலம், செவிப்புலன் முதலியவற்றோடு எதிர்வினை நேரத்தையும் அளந்தார். அதன் பிறகு நடந்த பெரும்பாலான ஆய்வுகளில் ஆண்கள் சில மில்லிசெக்கன் முதல் இருபது மில்லிசெக்கன் வரையில் முந்தியிருப்பது உண்மை. ஆனால் ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு ஆண் பிள்ளைகளுக்கிடையிலான வேறுபாடு இதைவிடப் பெரிது. ஒரே பிள்ளை நன்றாக நித்திரை கொண்டு எழுந்த காலைக்கும், இரவிரவாகப் படித்துவிட்டு வந்த காலைக்கும் இடையிலும் இதைவிடக் கூடிய வேறுபாட்டைக் காணலாம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலப்பகுதியில் வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2006ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஒருவர் ஒப்பிட்டபோது, கண்ணால் பார்த்து எதிர்வினை காட்டும் நேரத்தில் ஆண்களுக்கிருந்த முன்னிலை காலப்போக்கில் சுருங்கி வந்திருப்பதைக் கண்டார். வாகனம் ஓட்டும் பெண்களும் வேகமான விளையாட்டுகளில் ஈடுபடும் பெண்களும் பெருகியது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். நரம்பின் அமைப்பு இரண்டு மூன்று தலைமுறைக்குள் மாறிவிடாது. ஆகையால் பழைய ஆய்வுகள் அளந்த இடைவெளியில் ஒரு பகுதியாவது பழக்கத்தின் இடைவெளிதான் என்று கொள்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது. சைக்கிளை விட்டு ஸ்கூட்டிக்கு மாறிய நம்மூர்ப் பெண்களைத் தினமும் காங்கேசன்துறை (கே.கே.எஸ்.) வீதியில் பார்க்கும் எவருக்கும் இது புதுமையாகத் தோன்றாது.

வீதியைத் தொட்டுவிட்டதால் ஒரு கணக்கு. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் 11 மீற்றர் கடக்கும். ஆண், பெண் எதிர்வினை நேரத்தில் 20 மில்லிசெக்கன் வேறுபாடு இருப்பதாகவே ஒப்புக்கொண்டாலும், பிரேக் பிடிப்பதற்குள் கூடுதலாகச் செல்லும் தூரம் 22 சென்ரிமீற்றர், ஒரு சாண் அளவு. கைத்தொலைபேசியை இரண்டு செக்கன் குனிந்து பார்ப்பவர், ஆணாக இருந்தாலும், 22 மீற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறார்.

எதிர்வினை நேரத்தை நீங்கள் வீட்டிலேயே அளக்கலாம். 30 சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்றை மேல்நுனியில் பிடித்துத் தொங்கவிடுங்கள். பிள்ளை பெருவிரலையும் சுட்டுவிரலையும் பூச்சியக் கோட்டுக்கு நேரே சற்று விரித்து வைத்திருக்கட்டும். முன்னறிவிப்பின்றி அடிமட்டத்தை விடுங்கள். பிள்ளை பிடித்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 15 சென்ரிமீற்றரில் பிடித்தால் 0.175 செக்கன், 20 சென்ரிமீற்றரில் பிடித்தால் 0.202 செக்கன். புவியீர்ப்பு ஆர்முடுகல் எல்லாருக்கும் ஒன்றாகையால் இதில் யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் முதல் ஐந்து தடவைகளை எண்ணாதீர்கள், அது பழகும் நேரம். அடுத்த இருபது தடவைகளின் நடுப்பெறுமானத்தை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுங்கள். என் வகுப்புகளில் இந்தச் சோதனையைச் செய்தபோதெல்லாம் ஆண் பிள்ளைகளின் வரிசையும் பெண் பிள்ளைகளின் வரிசையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்தே கிடந்தன. பெயர்களை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று கரும்பலகையைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடிந்ததில்லை.

அப்படியானால் ஒலிம்பிக்கில் மட்டும் ஏன் ஆண்கள் முந்திப் புறப்படுகிறார்கள் என்று கேட்கலாம். இதில் ஒரு சுவையான பொறி இருக்கிறது. குறுந்தூர ஓட்டத்தில் வீரர்கள் காலூன்றிப் புறப்படும் கட்டைகளில் உணரிகள் பொருத்தப்பட்டிருக்கும். சத்தம் கேட்டு 0.100 செக்கனுக்குள் கட்டை அழுத்தப்பட்டால் அது பிழையான புறப்பாடு. 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூஜின் நகரில் நடந்த உலகப் போட்டியின் தடைதாண்டல் இறுதியில் டெவன் அலன் 0.099 செக்கனில் புறப்பட்டதற்காகவே வெளியேற்றப்பட்டார். 2008 பீஜிங் ஒலிம்பிக்கின் பதிவுகளை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசியபோது, ஆண் ஓட்டவீரர்களால் காட்டக்கூடிய மிக விரைவான எதிர்வினை 109 மில்லிசெக்கன் என்றும், பெண்களுக்கு அது 121 மில்லிசெக்கன் என்றும் கணிப்பு வந்தது. ஆனால் அவர்கள் அதோடு நின்றுவிடவில்லை. கட்டையிலுள்ள கருவி "இவர் புறப்பட்டுவிட்டார்" என்று பதிவதற்குக் குறிப்பிட்ட அளவு விசை தேவை. தசைப் பலம் குறைந்தவர் அதே கணத்தில் தள்ளத் தொடங்கினாலும் அந்த விசையை எட்டச் சற்றுப் பிந்தும். பெண்களுக்கு அந்த எல்லையை 22 வீதம் தாழ்த்தியிருந்தால் இரு பாலாரின் நேரமும் ஒன்றாகவே வந்திருக்கும் என்பது 2011இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. காதும் மூளையும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. காலின் பலத்தையே கருவி எதிர்வினை நேரமாக எழுதிவைத்தது.

அளப்பவரின் பிழை என்றால் நாமும் சளைத்தவர்கள் அல்லர். எங்கள் பாடசாலைகளில் இன்னும் பெரும்பாலும் கையால்தான் நேரம் எடுக்கிறோம். நூறு மீற்றருக்கு அப்பால் நிற்பவரின் காதுக்குத் துப்பாக்கிச் சத்தம் வந்துசேரவே ஏறத்தாழ 0.29 செக்கன் பிடிக்கும்; ஆகையால் சத்தத்தைக் கேட்டல்ல, புகையைப் பார்த்தே கடிகாரத்தை அழுத்த வேண்டும். சத்தத்துக்கு அழுத்தும் ஆசிரியர் ஒருவர் உங்கள் மகளைக் கணநேரத்தில் தேசிய தரத்துக்கு உயர்த்திவிடுவார். அவ்வாறின்றிச் சரியாக எடுத்த கைநேரமும் மின்கருவி நேரத்தைவிடக் குறைவாகவே வருவதால், 100, 200 மீற்றர்களில் ஒப்பிடும்போது அதனுடன் 0.24 செக்கனைக் கூட்டிக்கொள்வது வழமை. பிள்ளைகளின் நேரங்களை வருடாவருடம் ஒப்பிடும் பெற்றோர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இனி உண்மையான வேறுபாட்டுக்கு வருகிறேன். ஓடும் வேகத்தில் ஆண், பெண் இடைவெளி சிறியதல்ல, கற்பனையுமல்ல. அதை மழுப்பிப் பேசுவது உங்கள் மகளுக்குச் செய்யும் உதவியாகாது. உலக சாதனைகளைப் பாருங்கள்: 100 மீற்றரில் உசெய்ன் போல்ட் 2009இல் பேர்லினில் ஓடியது 9.58 செக்கன், புளோரன்ஸ் கிரிபித் ஜோய்னர் 1988இல் ஓடியது 10.49. இடைவெளி 9.5 வீதம். (1988இன் அந்த ஓட்டத்தில் காற்றுமானி பழுதாக இருந்தது என்ற ஐயம் இன்றுவரை தீரவில்லை, அதற்கு அடுத்ததான எலைன் தொம்சன் ஹேராவின் 10.54ஐ எடுத்தால் இடைவெளி 10 வீதம்.) 200 மீற்றரில் 19.19உம் 21.34உம், 11 வீதம். 400 மீற்றரில் 43.03உம் 47.60உம், பத்தரை வீதத்துக்குச் சற்று மேல். நம் நாட்டை எடுத்தாலும் கதை அதுவே. யுபுன் அபேகோன் 2022இல் சுவிற்சர்லாந்தில் ஓடிய 9.96 செக்கனுக்கும், சுசந்திகா ஜயசிங்க 2000இல் ஓடிய 11.04 செக்கனுக்கும் இடைவெளி ஏறத்தாழ 11 வீதம். நாடு, இனம், உணவு, பயிற்சி வசதி எல்லாம் மாறினாலும் இந்தப் பத்துப் பதினொரு வீதம் அநேகமாக அப்படியே நிற்பதைப் பார்த்தால், இது சமூகத் தடைகளால் மட்டும் வந்ததல்ல என்பது விளங்கும்.

இந்த வீதத்தைத் தவறாக வாசிக்கவும் கூடாது. இது உச்சத்தில் நிற்பவரை உச்சத்தில் நிற்பவரோடு ஒப்பிட்டது. பாடசாலை மட்டத்தில் 100 மீற்றரை 13 செக்கனில் ஓடும் ஒரு மாணவி, அவளுடைய ஊரிலுள்ள வளர்ந்த ஆண்களில் மிகப் பெரும்பாலானோரைப் பின்னுக்குத் தள்ளிவிடுவாள்.

வேகம் எங்கிருந்து வருகிறது? பலர் நினைப்பதுபோலக் காலை விரைவாக வீசுவதிலிருந்து அல்ல. 2000ஆம் ஆண்டில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, வேகமாக ஓடுபவரும் மெதுவாக ஓடுபவரும் காலை முன்னே கொண்டுவர எடுக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான், பாதம் நிலத்தில் படும் அந்தச் சொற்ப கணத்தில் எவ்வளவு விசையோடு நிலத்தை உதைக்கிறார்கள் என்பதே வேறுபாடு என்று காட்டியது. போல்ட் அந்த நூறு மீற்றரை 41 எட்டுகளில் (காலடிகளில்) முடித்தார்; செக்கனுக்கு நாலரை எட்டுகூட வராது. ஒன்றரை மீற்றருக்குச் சற்றே கூடிய உயரமுள்ள ஷெலி ஆன் பிரேசர் பிறைஸ் அதைவிடப் பல எட்டுகள் கூடுதலாக வைத்து 10.60 செக்கனில் ஓடியிருக்கிறார். எட்டுவைக்கும் கதியில் உயர்மட்டப் பெண்கள் ஆண்களுக்குக் குறைந்தவர்களல்லர். குறைவது எட்டின் நீளம். அதற்குக் காரணம் உதைக்கும் விசையும் காலின் நீளமும். நான் முதலில் சொன்னதன் சான்று இங்கே இருக்கிறது: கட்டளையிடும் நரம்பு இரு பாலாரிடமும் ஒரே கதியில் வேலை செய்கிறது, கட்டளையை நிறைவேற்றும் தசையின் அளவே வேறுபடுகிறது.

எவ்வளவு வேறுபடுகிறது? 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் 468 பேரின் உடல் முழுவதையும் காந்தப் படமெடுத்து (எம்.ஆர்.ஐ.) அளந்தபோது, ஆண்களுக்குச் சராசரியாக 33 கிலோகிராமும் பெண்களுக்கு 21 கிலோகிராமும் எலும்புத் தசை இருந்தது. உடல் நிறையின் பங்காகப் பார்த்தால் 38 வீதமும் 31 வீதமும். தோள், கை ஆகிய மேலுடம்பில் வேறுபாடு கூட, காலில் குறைவு. ஓட்டத்தைவிட எறிதலில் இடைவெளி பெரிதாக இருப்பதற்கு அதுவே காரணம். பந்துவீச்சின் வேகத்தில் அதைத் தெளிவாகக் காணலாம். பாய்தலிலும் இடைவெளி ஓட்டத்தைவிடக் கூட: நீளம் பாய்தலில் மைக் பவலின் 8.95 மீற்றருக்கு எதிரே கலினா சிஸ்ரியாகோவாவின் 7.52 மீற்றர், அதாவது 84 வீதம். முழு உடலையும் ஒரே உதையில் காற்றில் தூக்க வேண்டியிருப்பதால் விசைக்கும் நிறைக்குமான விகிதம் அங்கே முழுமையாக வெளிப்பட்டுவிடுகிறது. நம்மவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் ரோக்கியோவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் உயரம் பாய்தலில் தங்கம் வென்றதைப் பெருமையோடு நினைவுகூரும் யாழ்ப்பாணத்தவருக்கு, அந்த விளையாட்டில் உடல்வாகின் பங்கை விளக்கத் தேவையில்லை.

பழைய உடற்பயிற்சி ஆசிரியர்கள் சிலர், பெண்களின் இடுப்பு அகலமாகையால் ஓட்டம் சிரமம் என்று சொல்வார்கள். பாடப் புத்தகங்களிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. நானும் அதைக் கற்பித்திருக்கிறேன். 2015இல் வெளியான அளவீடுகள் அகன்ற இடுப்பால் நடக்கவோ ஓடவோ கூடுதல் சக்தி செலவாவதில்லை என்று காட்டியபின் அந்தப் பகுதியைத் திருத்திக்கொண்டேன்.

உங்கள் வீட்டுக் கதை இங்கேதான் விளங்குகிறது. பூப்புக்கு முந்திய வயதில் ஆண், பெண் பிள்ளைகளின் ஓட்டத்தில் வேறுபாடு மிகச் சிறியது. பெண் பிள்ளைகளின் துரித வளர்ச்சிக் காலம் ஏறத்தாழ 12 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் உச்சத்தை எட்டுகிறது. பதினொரு வயதில் உங்கள் மகள் வளரத் தொடங்கிவிட்டாள், மகன் இன்னும் தொடங்கவில்லை; ஆகவே அவள் முந்தினாள். இப்போது மகனின் முறை. அவனுடைய குருதியில் டெஸ்டோஸ்டிரோன் ஓமோனின் அளவு ஏறிக்கொண்டிருக்கிறது. வளர்ந்த ஆணில் அது பெண்ணிலுள்ளதைப்போல் சுமார் 15 மடங்கு. அது தசை நார்களைப் பருக்கச் செய்கிறது, எலும்பை நீட்டி உறுதிப்படுத்துகிறது, குருதியில் ஈமோகுளோபினைக் கூட்டுகிறது. ஆண்களின் ஈமோகுளோபின் பெண்களைவிட ஏறத்தாழ 12 வீதம் அதிகம். குருதி சுமந்து செல்லும் ஒட்சிசனும் அதற்கேற்பக் கூடுகிறது. இடைவெளி 13 வயதளவில் திறந்து, பதின்ம வயதின் கடைசியில் வளர்ந்தவர்களின் பத்துப் பதினொரு வீதத்தில் போய் நிற்கும். மகள் சோம்பேறியாகிவிட்டாள் என்று இந்த வயதில் திட்டு வாங்கிய பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களுடைய நேரம் கூடியிருக்கவில்லை, பக்கத்தில் ஓடியவனின் நேரம் குறைந்திருந்தது.

எல்லா இடத்திலும் இடைவெளி ஒரே அளவில் இருப்பதில்லை. நீச்சலில், அதுவும் தூரம் கூடக் கூட, அது சுருங்குகிறது. 1500 மீற்றரில் வீராங்கனை கேற்றி லெடெக்கியின் 15 நிமிடம் 20.48 செக்கன், பொபி பிங்க் 2024இல் நீந்திய 14 நிமிடம் 30.67 செக்கனுக்கு 6 வீதத்துக்கும் குறைவாகவே பிந்துகிறது. பெண்ணுடலில் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருப்பது நிலத்தில் சுமை, நீரில் மிதவை. 1926இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக நீந்திக் கடந்த பெண்ணான கேட்ரூட் எடெர்ல், அதுவரை கடந்திருந்த எல்லா ஆண்களின் நேரத்தையும் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தால் முந்தினார். பாக்குநீரிணையை 1971இல் இருபுறமும் நீந்திய வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனின் ஊரவர்கள் நாம். அதே நீரிணையை 2004இல் வங்காளத்துப் புலா சௌதுரி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திக் கடந்ததையும் அறிந்திருக்க வேண்டும். ஒரே தசையைத் தொடர்ந்து இறுக்கிப் பிடித்திருக்கும் சோதனைகளிலும் பெண்களின் தசை களைப்படைய நேரமெடுக்கிறது. ஆனால் இதெல்லாம் வேகத்தைப் பற்றியதல்ல; விரைவாக மேலே போகிறேன்.

விக்கெட் காப்புக்கு வருவோம். மணிக்கு 140 கிலோமீற்றரில் வீசப்படும் பந்து ஆடுகளத்தின் இரு எல்லைக் கோடுகளுக்கிடையிலான 17.68 மீற்றரை ஏறத்தாழ 0.45 செக்கனில் கடக்கும். பெண்கள் கிரிக்கெட்டில் ஷப்னிம் இஸ்மாயில் 2024இல் 132.1 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பந்தை வீசினார். அங்கும் அரை செக்கனுக்குள்தான் எல்லாம் முடிந்துவிடுகிறது. இதில் 200 மில்லிசெக்கன் வெறும் எதிர்வினைக்கே போய்விட்டால், மிச்சத்தில் உடலை நகர்த்திப் பந்தை ஏந்துவது எப்படி? பந்து கையை விடுவதற்கு முன்பே, பந்துவீச்சாளரின் ஓட்டத்திலும் தோளிலும் மணிக்கட்டிலும் இருந்து அது எங்கே வரும் என்பதைக் கண் வாசித்துவிடுகிறது. இது பிறவி றிஃப்ளெக்ஸ் அல்ல, ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்துச் சேர்த்த அறிவு. இதற்கு எனக்குப் பிடித்த சான்று 2004இல் அமெரிக்காவில் நடந்த ஒரு காட்சிப் போட்டி. மென்பந்து வீராங்கனை ஜெனி பின்ச், உலகின் தலைசிறந்த பேஸ்போல் துடுப்பாளர்களில் ஒருவரான அல்பேர்ட் பூஹோல்ஸுக்குப் பந்து வீசினார். அவரால் பந்தைத் தொடவே முடியவில்லை. அவருடைய எதிர்வினை நேரம் அன்று கெட்டுப்போய்விடவில்லை. கீழிருந்து மேலாகச் சுழன்று வரும் அந்தக் கையை அவர் அதற்கு முன் வாசித்துப் பழகியிருக்கவில்லை. ஆகவே மகள் நல்ல காப்பாளராவது அவள் எத்தனை பந்துகளைக் காத்துப் பழகுகிறாள் என்பதில் தங்கியிருக்கிறது. அந்த இடத்துக்கு அவள் தகுதியற்றவள் என்று அவளுடைய பாலைக் காட்டிச் சொல்வதற்கு உடலியலில் இடமில்லை.

தெறிவினை தொடர்பாக நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று உண்டு: முழங்கால். வலைப்பந்தாட்டத்தில் பந்தைப் பிடித்ததும் சட்டென்று நின்றாக வேண்டும். காலை இழுத்து நகர்ந்தால் மத்தியஸ்தரின் விசில். எங்கள் பாடசாலைகளில் அது பெரும்பாலும் சீமெந்துத் தரையில் நடக்கிறது. இப்படி நிற்கவும் திரும்பவும் செய்யும் விளையாட்டுகளில் முழங்காலின் முன்குறுக்கு இணையம் (மூட்டெலும்புகளைப் பிணைக்கும் ஒரு நார்) அறுந்துபோவது பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். பூப்புக்குப் பின்பே இந்த வேறுபாடு தோன்றுகிறது. பாய்ந்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சரிவதும், பின்தொடைத் தசை உரிய கணத்தில் இறுகி மூட்டைக் காக்காததும் இதற்கான முக்கிய காரணங்களில் அடங்கும். தசைகள் எந்த ஒழுங்கில், எந்தக் கணத்தில் இறுக வேண்டும் என்பதைப் பழக்கிவிட முடியும் என்பது நல்ல செய்தி. உதைபந்தாட்டத்துக்காக உருவாக்கப்பட்ட "பீபா 11+" என்ற இருபது நிமிட ஆயத்தப் பயிற்சியை நோர்வேயில் பதின்ம வயதுப் பெண்களிடம் சோதித்து 2008இல் வெளியிட்டபோது, காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கால் குறைந்திருந்தன. ஒற்றைக்காலில் சமநிலை, பாய்ந்து மெதுவாக இறங்குதல், பின்தொடையைப் பலப்படுத்துதல் என எந்தக் கருவியும் தேவைப்படாத பயிற்சிகள் அவை. மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு விளையாட்டைத் தொடங்கும் எங்கள் வழக்கத்துக்குப் பதிலாக இவற்றைச் செய்விக்கும்படி பயிற்றுநரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பயிற்சிக்கு அனுப்புவதில் பயனுண்டா என்ற கேள்விக்கு நான் மேலும் வாதாடத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அவளை மகனோடு ஒழுங்கையில் ஓட விடுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். போன தவணை அவள் எடுத்த நேரத்தோடு இந்தத் தவணை நேரத்தை ஒப்பிடுங்கள். தன் உடல் நிறையையே பாரமாகக் கொண்ட பலப் பயிற்சிகளை, தகுந்த மேற்பார்வையோடு, இந்த வயதில் தொடங்கலாம். பெண் பிள்ளைகள் பாரம் தூக்கக் கூடாது என்பது பலமில்லாத பேச்சு. விசை குறைவதே அவளுடைய வேகத்தின் எல்லை என்றால், விசையைக் கூட்டுவதுதானே வழி.

அதற்கு முன் ஒரு குருதிப் பரிசோதனை செய்வித்துவிடுங்கள். மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைகளில் இரும்புச்சத்துக் குறைவு எங்கள் பகுதியில் அரிதல்ல. ஈமோகுளோபின் 100 மில்லிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அப்படியிருக்கும் பிள்ளை 400 மீற்றரின் கடைசி நூறு மீற்றரில் விழுந்துவிடுவதைப்போலத் தளர்வாள், பார்ப்பவர்கள் மனவுறுதி இல்லை என்பார்கள். குறைவாக இருந்தால் வைத்தியரின் ஆலோசனைப்படி நடப்பதோடு, சோறுக்கு முருங்கையிலையோ பயறோ மீனோ சேரும்போது தேசிக்காய் பிழிந்து கொடுங்கள், சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை ஒரு மணித்தியாலம் தள்ளிவையுங்கள். தேயிலையிலுள்ள பொருள்கள் இரும்பை உடல் நன்றாக உறிஞ்ச விடுவதில்லை. பரிசோதனை முடிவையும், அடிமட்டச் சோதனையில் இரு பிள்ளைகளுக்கும் கிடைத்த இருபது எண்களையும் அனுப்பிவைத்தால், அடுத்த தவணைக்கான பயிற்சி ஒழுங்கை நாம் சேர்ந்து எழுதலாம்.